3,500 கெல்வினை வாசிப்பது எப்படி? ராக்கெட் எரிகலன் வெப்பநிலை குறித்த தொடக்க வழிகாட்டி

பெங்களூரில் ராக்கெட் எஞ்சின் வேலை இப்போது இஸ்ரோவின் மதில்களுக்குள் மட்டும் நடப்பதில்லை. 2022 செப்டம்பரில் எச்.ஏ.எல். நிறுவனம், மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின்களைத் தயாரிப்பதற்கென்றே இங்கே ஓர் உற்பத்திக் கூடத்தைத் திறந்தது. பீன்யா, பொம்மசந்திரா போன்ற தொழிற்பேட்டைகளின் மெஷின் ஷாப்களுக்கும் விண்வெளித் துறையின் உதிரிபாக வேலைகள் வருகின்றன. அண்மை ஆண்டுகளில் தனியார் விண்வெளி நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. ஓசூர், தருமபுரி, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து டிப்ளமோவோ பொறியியல் பட்டமோ முடித்துவிட்டு இந்த வேலைகளுக்கு வரும் தமிழ் இளைஞர்கள், சேர்ந்த சில நாட்களிலேயே ஏதோ ஓர் ஆவணத்தின் ஓரத்தில் இந்த எண்ணைப் பார்த்துவிடுகிறார்கள்: எரிகலன் வெப்பநிலை 3,300 கெல்வின், அல்லது 3,500 கெல்வின். பார்த்தவுடன் பெரும்பாலோர் வந்து சேரும் முடிவு, எவ்வளவு சூடோ அவ்வளவு வேகம் என்பதுதான். அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் போனால், எஞ்சினின் உட்சுவரை ஏன் செம்பில் செய்கிறார்கள், எரிந்து தீராத அளவுக்கு எரிபொருளை ஏன் வேண்டுமென்றே ஊற்றுகிறார்கள் என்பதெல்லாம் விளங்காத சடங்குகளாகவே இருந்துவிடும்.

கீழே உள்ள படிகளைச் செய்து பார்க்க ஒரு நோட்டும், வர்க்கமூலம் போடும் கால்குலேட்டரும், பிற்பகுதிக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு கணினி நிரலும் போதும். இது முழுவதும் தாளில் செய்யும் பயிற்சி. எரிபொருளைக் கையில் எடுப்பதற்கு உரிமமும், சோதனை மேடையும், பொறுப்பான மேற்பார்வையும் வேண்டும் என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

முதல் படி: எந்த இடத்தின் வெப்பநிலை, எந்த அலகில்?

உந்துவிசைச் சூத்திரங்கள் கெல்வினை மட்டுமே ஏற்கும். செல்சியஸில் உள்ள மதிப்புடன் 273-ஐக் கூட்டினால் கெல்வின் வரும். 3,300 டிகிரி செல்சியஸ் என்பது 3,573 கெல்வின். அமெரிக்க ஆவணங்களில் ஃபாரன்ஹீட்டும் ராங்கினும் கலந்து வரும். விண்வெளி ஓடத்தில் பயன்பட்ட ஆர்.எஸ்.-25 எஞ்சினின் எரிகலன் 6,000 டிகிரி ஃபாரன்ஹீட் என்று எழுதியிருப்பார்கள். நம் கணக்குக்கு அது ஏறத்தாழ 3,590 கெல்வின். ராங்கினில் இருந்தால் 1.8-ஆல் வகுத்தால் முடிந்தது. அலகு விஷயத்தில் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

எந்த இடம் என்பதுதான் முக்கியமான கேள்வி. திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரியும் எஞ்சினை எடுத்துக்கொண்டால், ஹைட்ரஜன் ஏறத்தாழ 20 கெல்வினிலும் ஆக்சிஜன் ஏறத்தாழ 90 கெல்வினிலும் தொட்டிகளில் இருக்கின்றன. அவை, எரிகலனுக்குள் அவற்றைத் தெளித்துவிடும் இன்ஜெக்டரைத் தாண்டி எரிந்ததும் வாயுவின் மையப்பகுதி 3,500 கெல்வினை எட்டுகிறது. வாயு வெளியேறும் குழலான நாசிலின் மிகக் குறுகிய இடமான த்ரோட் பகுதியில் அது சுமார் 3,180 கெல்வினாகவும், நாசிலின் விளிம்பில் ஏறத்தாழ 1,100 கெல்வினாகவும் குறைகிறது. அந்த வாயுவை ஒட்டியிருக்கும் உலோகச் சுவரோ 800 கெல்வினுக்கு மேல் போகாமல் காக்கப்படுகிறது. ஆவணத்தில் "எரிகலன் வெப்பநிலை" என்று வருவது, வாயு ஓட்டம் ஏறக்குறைய நின்ற நிலையில், வேதிச் சமநிலையை அடைந்துவிட்டதாகக் கொண்டு கணக்கிட்ட மதிப்பு. யாரும் உள்ளே தெர்மோகப்பிளை நீட்டி அளந்த எண் அல்ல அது. உலோகங்களிலேயே உருகுநிலை மிக உயர்ந்ததான டங்ஸ்டன்கூட 3,695 கெல்வினில் உருகிவிடும் என்னும்போது, அளவுகோலை அங்கே நிறுத்தி வைப்பது எப்படி? கணக்கில் வந்த இந்த எண் சோதனையில் எந்த அளவுக்கு மெய்யானது என்று சரிபார்க்க வேறொரு வழி இருக்கிறது. கடைசிப் படியில் அதற்கு வருவோம்.

இரண்டாம் படி: வெப்பநிலையை மூலக்கூறு எடையால் வகுத்துப் பாருங்கள்

எரிகலனில் வாயு மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடுகின்றன. வெப்பநிலை என்பது அந்த ஓட்டத்தின் சராசரி ஆற்றலைக் குறிக்கும் அளவு. நாசிலின் வேலை, அந்தத் தாறுமாறான ஓட்டத்தை ஒரே திசையில் போகும் வேகமாக மாற்றித் தருவது. ஒரே வெப்பநிலையில் உள்ள இரண்டு வாயுக்களில் மூலக்கூறுகளின் சராசரி ஆற்றல் சமமாக இருக்கும் என்பதால், எடை குறைந்த மூலக்கூறு கூடுதல் வேகத்தில் ஓடியாக வேண்டும். ஆகவே வெளியேறும் வாயுவின் வேகத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டும் அல்ல. வெப்பநிலையை வாயுக்கலவையின் சராசரி மூலக்கூறு எடையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலம்.

இரண்டு எஞ்சின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரியும்போது வெப்பநிலை சுமார் 3,650 கெல்வின், வாயுவின் சராசரி மூலக்கூறு எடை சுமார் 23.5. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 1-க்கு 6 என்ற எடை விகிதத்தில் எரியும்போது வெப்பநிலை சுமார் 3,500 கெல்வின், மூலக்கூறு எடை சுமார் 13.5. முதலாவதில் 3,650-ஐ 23.5-ஆல் வகுத்தால் 155, வர்க்கமூலம் 12.5. இரண்டாவதில் 3,500-ஐ 13.5-ஆல் வகுத்தால் 259, வர்க்கமூலம் 16.1. சூடு குறைந்த எஞ்சினின் வாயு ஏறத்தாழ 29 சதவீதம் கூடுதல் வேகத்தில் போகிறது. இந்த அளவுக்கான ஒப்பீட்டை சில்க் போர்டு சந்திப்பில் பஸ் நகராமல் நிற்கும் நேரத்தில் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். எரிபொருள்களைப் பற்றிய வாதங்களில் பாதியை இது ஒன்றே தீர்த்துவிடும்.

மெய்யான வேகம் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு தகவல்கள் தேவை. ஒன்று, வாயுவின் வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதமான காமா. ராக்கெட் வாயுக்களுக்குத் தொடக்கக் கணக்கில் 1.2 என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. மற்றொன்று, எரிகலன் அழுத்தம் நாசில் விளிம்பின் அழுத்தத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது. இதை 1,000 மடங்கு என்று கொள்வோம். வேகத்தின் வர்க்கத்துக்கான சூத்திரம் இது: [2 × காமா ÷ (காமா − 1)] × (வாயு மாறிலி × வெப்பநிலை ÷ மூலக்கூறு எடை) × [1 − (விளிம்பு அழுத்தம் ÷ எரிகலன் அழுத்தம்)^((காமா − 1) ÷ காமா)]. காமா 1.2 ஆகும்போது சூத்திரத்தின் முன்பகுதியில் 12 என்ற எண் வருகிறது. 1,000 மடங்கு விரிவுக்குக் கடைசி அடைப்புக்குள் இருக்கும் பகுதி 0.684 ஆகிறது. இனி வரிசையாகப் போடுங்கள்:

8,314 × 3,500 ÷ 13.5 = 21,55,481
21,55,481 × 12 × 0.684 = சுமார் 1,76,90,000
அதன் வர்க்கமூலம் = விநாடிக்குச் சுமார் 4,206 மீட்டர்

இதில் 8,314 என்பது பொது வாயு மாறிலி. கிடைத்த வேகத்தை 9.81-ஆல் வகுத்தால் 429 விநாடி வரும். உந்துபொருளை எஞ்சின் எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகிறது என்பதற்கான அளவாக, பணியிடத்தில் எல்லோரும் ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் என்று சொல்வது இதைத்தான். இதே கணக்கை மண்ணெண்ணெய்க்குப் போட்டால் விநாடிக்கு 3,255 மீட்டரும் 332 விநாடியும் கிடைக்கும். வெற்றிடத்தில் விளிம்பு அழுத்தம் தரும் சிறு கூடுதல் விசையை நாம் சேர்க்கவில்லை. நாசிலின் விரிவு விகிதமும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். எல்.வி.எம்.-3 ஏவுகலத்தின் மேலடுக்கில் உள்ள சி.இ.-20 எஞ்சினுக்கு வெற்றிடத்தில் சொல்லப்படும் அளவு 443 விநாடியை ஒட்டியது என்பதைப் பார்த்தால், நோட்டில் போட்ட கணக்கு வெகுதூரம் விலகவில்லை என்பது தெரியும்.

இப்போது வெப்பநிலையை மட்டும் பத்து சதவீதம் உயர்த்தி, 3,850 கெல்வின் என்று வைத்து அதே கணக்கைப் போடுங்கள். வேகம் 4.9 சதவீதம்தான் கூடும். வெப்பநிலையை இரண்டு மடங்காக்கினால்கூட வேகம் 41 சதவீதத்துக்கு மேல் கூடாது. வர்க்கமூலம் கருமியானது. மறுபுறம், மூலக்கூறு எடையைக் குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் 1973-இல் கைவிடப்பட்ட நெர்வா திட்டம் நல்ல சான்று. அதில் அணு உலையின் சூட்டில் ஹைட்ரஜனைச் சுட வைத்து, எதையும் எரிக்காமல் அப்படியே வெளியே விட்டார்கள்; வெப்பநிலை 2,400 கெல்வினை ஒட்டியதுதான், ஆனால் மூலக்கூறு எடை வெறும் 2. அதன் ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் 800 விநாடியைத் தாண்டியது. எரியும் ஹைட்ரஜனைவிட ஆயிரம் கெல்வின் குளிர்ந்த வாயு, ஏறத்தாழ இரண்டு மடங்கு பலன் தந்திருக்கிறது.

மூன்றாம் படி: கலவை விகிதத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள்

எரிகலன் வெப்பநிலையைக் கூட்டவோ குறைக்கவோ வடிவமைப்பாளரின் கையில் இருக்கும் முதல் திருகு, ஆக்சிஜனேற்றிக்கும் எரிபொருளுக்கும் இடையிலான எடை விகிதம். ஹைட்ரஜன் முழுவதும் மிச்சமில்லாமல் நீராக மாற ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 8 கிலோ ஆக்சிஜன் வேண்டும். வெப்பநிலையின் உச்சமும் அந்த விகிதத்தை ஒட்டியே வருகிறது. ஆனால் சி.இ.-20 எஞ்சின் 5.05 என்ற விகிதத்திலும், ஆர்.எஸ்.-25 சுமார் 6 என்ற விகிதத்திலும் இயங்குகின்றன. மண்ணெண்ணெய்க்கு முழு எரிப்பு விகிதம் 3.4-ஐ ஒட்டியது, எஞ்சின்களோ பெரும்பாலும் 2.2-க்கும் 2.7-க்கும் இடையில் நிற்கின்றன. எல்லாவற்றிலும் எரிபொருள் மிகுதி; எல்லாமே வெப்பநிலை உச்சத்துக்குக் கீழே.

காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஹைட்ரஜன் எஞ்சினுக்கு 70 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தை ஒட்டிய சுற்றெண்கள் இவை. விகிதம் 8-இல் வெப்பநிலை சுமார் 3,600 கெல்வின், மூலக்கூறு எடை 16. வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 15. விகிதம் 6-இல் நாம் முன்பே பார்த்த 16.1. விகிதம் 4-இல் வெப்பநிலை 2,970 கெல்வினுக்கு இறங்கிவிடுகிறது, ஆனால் எரியாமல் மிஞ்சும் ஹைட்ரஜன் கலவையை இலேசாக்குவதால் மூலக்கூறு எடை 10 ஆகிறது, விடை 17.2. அறுநூறு கெல்வினை இழந்தும் வேகம் கூடியிருக்கிறது.

அப்படியானால் 4-லேயே நிற்காமல் 5, 6 என்று ஏன் போகிறார்கள் என்ற கேள்வி உடனே எழ வேண்டும். இதற்கு விடை தொட்டியில் இருக்கிறது. திரவ ஹைட்ரஜனின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 71 கிலோ, திரவ ஆக்சிஜனுடையது சுமார் 1,141 கிலோ. விகிதம் 4-இல் இரண்டையும் சேர்த்த சராசரி அடர்த்தி 284 கிலோ, 6-இல் 362 கிலோ. அதே எடை உந்துபொருளுக்கு 27 சதவீதம் பெரிய தொட்டியைச் சுமந்துகொண்டு போவதைவிட, வேகத்தில் சிறிது விட்டுக்கொடுப்பது ஒட்டுமொத்த ராக்கெட்டுக்கு லாபம். எஞ்சினை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

இந்தச் சுற்றெண்களை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வதோடு நிறுத்தாமல், நாசாவில் சான்ஃபோர்ட் கார்டனும் போனி மெக்பிரைடும் உருவாக்கிய, வேதிச் சமநிலையைக் கணக்கிடும் சி.இ.ஏ. என்ற நிரலில் நீங்களே எடுத்துப் பாருங்கள். உலகெங்கும் தொடக்கநிலை எஞ்சின் கணக்குகளுக்கு இதைத்தான் நாடுகிறார்கள்; பைத்தான் தெரிந்தவர்கள் அதன் வழியாகவும் இயக்கலாம். ராக்கெட் கணக்கைத் தேர்ந்தெடுத்து, எரிகலன் அழுத்தம் 70 பார் என்று கொடுத்து, விகிதத்தை 3-இலிருந்து 9 வரை அரை அரையாக ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலை, மூலக்கூறு எடை, காமா மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எரிபொருளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: அறை வெப்பநிலையில் உள்ள ஹைட்ரஜன் வாயு பட்டியலில் முதலில் கண்ணில் படும்; உங்களுக்கு வேண்டியது 20 கெல்வினில் உள்ள திரவ ஹைட்ரஜன். திரவத்தை ஆவியாக்கவும் சூடேற்றவும் செலவாகும் ஆற்றல் அந்த எரிப்பிலிருந்தே எடுக்கப்படுவதால், வாயுவைக் கொடுத்துவிட்டால் விடை மெய்யைவிடச் சூடாக வரும்.

நிரலின் வெளியீட்டில், கலவையில் இருக்கும் பொருள்களின் பட்டியலையும் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். நீராவி மட்டும் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஹைட்ராக்சில், தனி ஹைட்ரஜன் அணு, தனி ஆக்சிஜன் அணு எல்லாம் இருக்கும். ஏறத்தாழ 2,500 கெல்வினைத் தாண்டியதும் நீர் மூலக்கூறுகள் கணிசமாக உடையத் தொடங்குகின்றன. உடைவதற்கு ஆற்றல் வேண்டும். அது வெப்பநிலையிலிருந்துதான் கழியும். வேதி எரிப்பு 3,500-ஐ ஒட்டியே திணறிக்கொண்டு நிற்பதற்கும், இன்னும் வீரியமான எரிபொருளைத் தேடிப் போனாலும் பெரிதாக ஏறாமல் இருப்பதற்கும் இந்த உடைவே முதன்மைக் காரணம். அழுத்தத்தைக் கூட்டினால் உடைவு குறையும், வெப்பநிலை சற்று ஏறும். 20 பாரிலும் 200 பாரிலும் அதே கணக்கை ஓட்டி வித்தியாசத்தைப் பாருங்கள். நிரலில் சமநிலை ஓட்டம், உறைநிலை ஓட்டம் என்று இரண்டு தேர்வுகள் இருப்பதும் இதனால்தான். நாசிலில் வாயு குளிரும்போது உடைந்த துண்டுகள் மீண்டும் சேர்ந்து ஆற்றலைத் திருப்பித் தருவதாகக் கொள்வது முதலாவது. சேர நேரமில்லாமல் அப்படியே வெளியேறுவதாகக் கொள்வது இரண்டாவது. மெய்யான எஞ்சின் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

நான்காம் படி: அதே வெப்பநிலையைச் சுவரின் பக்கமிருந்து பாருங்கள்

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரில் புதியவர்களுக்கு இதைச் சொல்லித்தரும்போது, இந்த இடத்தில் மட்டும் ஒருபோதும் அவசரப்படுவதில்லை. தருமபுரியிலிருந்து வந்து மெஷின் ஷாப்பில் சேர்ந்திருந்த ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, ஸ்டீல் ஆயிரத்து நானூறு டிகிரிக்கு மேலதான் உருகும். செம்பு ஆயிரத்து எண்பத்தஞ்சுலயே உருகிடும். அப்புறம் எதுக்குண்ணா உள்சுவரைச் செம்புல பண்றாங்க?" கேள்வி நியாயமானது, அதற்கான விடையையும் எண்ணாகவே சொல்லிவிடலாம்.

வாயுவின் பக்கமிருந்து த்ரோட் பகுதிச் சுவருக்குள் சதுர மீட்டருக்கு 50 மெகாவாட் வெப்பம் பாய்வதாக வைத்துக்கொள்வோம். உயர் அழுத்த எஞ்சின்களில் இதைவிடவும் மிகுதியாகவே பாயும். சுவரின் தடிமன் 1 மில்லிமீட்டர். அதன் மறுபக்கம் குளிர்விக்கும் திரவம் ஓடுகிறது. செம்பு–குரோமியம்–சிர்கோனியம் கலவையின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 330 என்று கொண்டால், சுவரின் இரு பக்கங்களுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசம் 5,00,00,000 × 0.001 ÷ 330, அதாவது ஏறத்தாழ 150 கெல்வின். துருப்பிடிக்காத எஃகின் கடத்துதிறன் சுமார் 20. அதே கணக்கில் வரும் வித்தியாசம் 2,500 கெல்வின். அந்தச் சுவரின் உட்பக்கம் உருகாமல் இருக்க வழியே இல்லை. உருகுநிலை எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, வந்த வெப்பத்தை எவ்வளவு விரைவாக மறுபக்கம் தள்ளிவிடுகிறது என்பதே இங்கே உயிர் காக்கிறது.

கடைசல் வேலை செய்பவர்கள் இதே கணக்கை இன்னும் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் சுவர்த் தடிமன் 1 மில்லிமீட்டர் என்று இருக்க, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 1.2 மில்லிமீட்டர் விட்டால், உட்பக்கத்தின் வெப்பநிலை மேலும் 30 கெல்வின் ஏறும். இந்தக் கலவை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேகமாக வலுவிழக்கும் என்பதால் அந்த 30 கெல்வின் சிறிய எண் அல்ல. தடிமன் கூடினால் உறுதி கூடும் என்ற பட்டறை அனுபவம் இந்த ஓர் இடத்தில் செல்லாது.

சுவருக்குள் எவ்வளவு வெப்பம் பாயும் என்பதைத் தோராயமாகக் கணிக்க 1957-இல் பார்ட்ஸ் என்ற பொறியாளர் வெளியிட்ட சமன்பாடு இன்றும் பயன்படுகிறது. அது சொல்வதில் இரண்டை நினைவில் வைத்தால் போதும். வெப்பப் பாய்வு எரிகலன் அழுத்தத்தின் 0.8 அடுக்கைப் பொறுத்து ஏறும். அதாவது அழுத்தத்தை இரட்டித்தால் வெப்பம் 1.74 மடங்காகும். த்ரோட்டை ஒட்டித்தான் அது உச்சத்தை அடையும். இவற்றோடு வாயுவுக்கும் சுவருக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தைச் சேருங்கள். வாயு 3,500, சுவர் 800 என்றால் வித்தியாசம் 2,700 கெல்வின். முன்பு செய்ததுபோல் வாயுவின் வெப்பநிலையைப் பத்து சதவீதம் ஏற்றினால் வித்தியாசம் 3,050 ஆகிறது; சுவருக்குள் பாயும் வெப்பம் 13 சதவீதம் கூடுகிறது. வேகத்தில் நமக்குக் கிடைத்தது 4.9 சதவீதம் மட்டுமே. எரிகலன் வெப்பநிலையைப் பற்றி யார் என்ன பேசினாலும் இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்பது என் வழக்கம்.

சுவரைக் காக்கும் முறைகள் பல. பெரிய திரவ எஞ்சின்களில், எரியப் போகும் எரிபொருளையே முதலில் சுவரில் அரிந்த குறுகிய கால்வாய்களின் வழியே ஓடவிட்டு, வெப்பத்தை வாங்க வைத்துப் பிறகு இன்ஜெக்டருக்கு அனுப்புகிறார்கள். ஹைட்ரஜன் இதற்கு அருமையான திரவம். மண்ணெண்ணெயோ சுவர் அளவுக்கு மீறிச் சூடானால் கால்வாய்க்குள் கரியாகப் படிந்து ஓட்டத்தை அடைக்கும் என்பதால், அங்கே சுவரின் வெப்பநிலைக்குத் தனி வரம்பு உண்டு. இன்னொரு முறை, இன்ஜெக்டரின் வெளி விளிம்பிலிருந்து சிறிதளவு எரிபொருளைச் சுவரையொட்டியே பாய்ச்சுவது. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி தன் ஆவியின்மேலேயே மிதந்துகொண்டு சிறிது நேரம் வற்றாமல் ஓடுவதுபோல், இங்கும் சுவருக்கும் கனலுக்கும் நடுவே குளிர்ந்த ஒரு படலம் நிற்கிறது. அந்தப் படலம் சரியாக எரியாமல் போவதால் சிறிது திறன் இழக்கப்படும். அதைச் சுவருக்குக் கொடுக்கும் வாடகை என்றே கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டில் ஆல்கஹாலோடு 25 சதவீதம் நீரைக் கலந்தே எரித்தார்கள். வெப்பநிலையை அடக்கி வைக்க அதுவும் உதவியது, சுவரில் படலக் குளிர்விப்பும் இருந்தது.

சிறிய எஞ்சின்களில் கால்வாய் அரிய இடமிருக்காது. மங்கள்யானில் இருந்த 440 நியூட்டன் எஞ்சின் கொலம்பியம் (நியோபியத்தின் பழைய பெயர்) கலவையால் ஆனது. அந்த உலோகம் செந்தணலாகி வெப்பத்தை விண்வெளிக்குள் கதிர்வீசியே தன்னைக் காத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 300 நாள் உறக்கத்துக்குப் பிறகு, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாய்ச் சுற்றுப்பாதையில் நுழைய அந்த எஞ்சின்தான் மீண்டும் உயிர் பெற்றது. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் அடுக்கில் அதே கொலம்பியத்தால் செய்யப்பட்டு வந்த நாசில் விரிபகுதிக்கு மாற்றாக, கார்பன்–கார்பன் கூட்டுப்பொருளில் செய்த விரிபகுதியை இஸ்ரோ 2024 ஏப்ரலில் அறிவித்தது. எடை குறைவதால் 15 கிலோ கூடுதல் சுமையைக் கொண்டுபோகலாம் என்றும் தெரிவித்தது. வெப்பத்தைத் தாங்கும் பொருள் இலேசானால் அதன் பலன் நேரடியாகச் செயற்கைக்கோளின் எடையில் தெரிகிறது.

எஞ்சினில் எரிப்பு நடக்கும் இன்னொரு இடம், பம்புகளைச் சுழற்றும் டர்பைனுக்கு வாயு கொடுக்கும் கேஸ் ஜெனரேட்டர். டர்பைன் இதழ்களுக்குள் குளிர்விப்புக் கால்வாய் எதுவும் இல்லாமல் அவை முழு வேகத்தில் சுழல்வதால், அங்கே 1,000 கெல்வினை ஒட்டியே நிறுத்திவிடுகிறார்கள். நம் விகாஸ் எஞ்சினுக்கு மூலமான பிரெஞ்சு வைகிங் எஞ்சினில் இதற்காகவே தனியாக நீரைப் பாய்ச்சினார்கள். ஒரே எஞ்சினின் இரண்டு எரிகலன்களுக்கு இரண்டு வெப்பநிலைகள் இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஆவணத்தில் எது எதற்குரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சோதனைத் தரவிலிருந்து வெப்பநிலையைத் திரும்பப் பெறுங்கள்

அளக்க முடியாத வெப்பநிலையைச் சரிபார்க்கும் வழிக்கு சீ-ஸ்டார் என்று பெயர். எரிகலன் அழுத்தத்தைத் த்ரோட்டின் பரப்பளவால் பெருக்கி, விநாடிக்கு உள்ளே போகும் மொத்த உந்துபொருளின் எடையால் வகுத்தால் அது கிடைக்கும். அழுத்தம், பரப்பு, ஓட்டம் மூன்றும் சாதாரணக் கருவிகளால் அளக்கக்கூடியவை. கோட்பாட்டின்படி இந்த அளவும், வெப்பநிலையை மூலக்கூறு எடையால் வகுத்ததன் வர்க்கமூலத்தைப் பொறுத்ததே. நாசிலின் விரிபகுதி எப்படி இருந்தாலும் இதைப் பாதிக்காது என்பதால், எரிப்பு நன்றாக நடந்ததா என்பதைத் தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறது.

ஓர் உதாரணக் கணக்கு. த்ரோட்டின் விட்டம் 20 மில்லிமீட்டர், எரிகலன் அழுத்தம் 20 பார். பரப்பு 0.000314 சதுர மீட்டர். அழுத்தத்தோடு பெருக்கினால் 628 நியூட்டன். மண்ணெண்ணெய்–ஆக்சிஜன் கலவைக்கு நிரல் கொடுத்த சீ-ஸ்டார் விநாடிக்கு 1,752 மீட்டர் என்று கொள்வோம். சோதனையில் அளந்த ஓட்டம் விநாடிக்கு 0.378 கிலோ. 628-ஐ 0.378-ஆல் வகுத்தால் 1,662. கோட்பாட்டு மதிப்பில் ஏறத்தாழ 95 சதவீதம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் வெப்பநிலை இந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.95-இன் வர்க்கம் 0.90. அதாவது, எரிகலனுக்குள் இருக்க வேண்டிய வெப்பநிலையில் பத்து சதவீதம் காணாமல் போனதற்கு இது சமம். மண்ணெண்ணெய்த் துளிகள் பெரிதாக இருந்து எரியாமல் வெளியேறியிருக்கலாம், சுவர்ப் படலத்துக்கு அளவுக்கு மிஞ்சி எரிபொருள் போயிருக்கலாம், விகிதமே திட்டமிட்டதிலிருந்து நகர்ந்திருக்கலாம். இன்ஜெக்டரைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு திரவங்களின் ஓட்டத்தையும் தனித்தனியே எடுத்து விகிதத்தைச் சரிபார்ப்பது நல்லது. பல நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

விடை நிரலின் மதிப்பை நெருங்கியோ தாண்டியோ வந்தால் மகிழ வேண்டாம். நூறு சதவீதத்தை மிஞ்சும் சீ-ஸ்டார், அளவீட்டில் பிழை இருப்பதையே காட்டுகிறது. கிராஃபைட்டிலோ அதுபோன்ற தேய்மானப் பொருளிலோ செய்த த்ரோட் சோதனையின்போது அரிக்கும். ஆரம்பத்தில் சூடேறி விரியவும் செய்யும். 20 மில்லிமீட்டர் விட்டம் 20.2 ஆனால் பரப்பு 2 சதவீதம் கூடிவிடும், கணக்கில் வரும் வெப்பநிலையோ 4 சதவீதம் நகர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கு முன்பும், எஞ்சின் முழுவதும் ஆறிய பின்பும், துளையின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை வைத்து த்ரோட்டின் விட்டத்தை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து, தேதியோடு சோதனைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சீ-ஸ்டார் கணக்கைச் சோதனைக்கு முந்தைய விட்டத்துக்கும் பிந்தைய விட்டத்துக்கும் தனித்தனியே போட்டு, இரண்டு விடைகளையும் அறிக்கையில் கொடுங்கள்.